வைரத்தை ஊருக்குப் பொதுவாக்கிய தலைவர்

ஆப்பிரிக்காக் கண்டத்தின் தென்பகுதியில் போட்ஸ்வானா என்று ஒரு நாடு இருக்கிறது. பரப்பில் ஏறக்குறைய பிரான்சு தேசத்தின் அளவு. ஆனால் பெரும்பகுதி கலகாரிப் பாலைவனம்.

கடல் கிடையாது. துறைமுகம் கிடையாது. ஒரு பீப்பாய் எண்ணெய் வேண்டுமானாலும் அண்டை நாட்டைத் தாண்டித்தான் வந்து சேர வேண்டும்.

1966-ம் ஆண்டு விடுதலை பெற்றபோது உலகத்தின் பரம ஏழை நாடுகளில் அதுவும் ஒன்று. அடுத்த முப்பது ஆண்டுகளில், ஆப்பிரிக்காவிலேயே மிக வேகமாக முன்னேறிய நாடு என்று பெயர் எடுத்தது!

இதற்கு அடிக்கல் நாட்டியவர் செரெட்சே காமா. தலைவர் குடும்பத்தில் பிறந்தவர். கல்யாணத்துக்காக நாடு கடத்தப்பட்டவர். பட்டத்தைத் துறந்து, பிறகு மக்களின் ஓட்டைப் பெற்று ஆட்சிக்கு வந்தவர்.

நாலு வயதில் பட்டம்

செரெட்சே 1921-ம் ஆண்டு ஜூலை 1-ந் தேதி, செரோவே என்ற ஊரில் பிறந்தார். பாமங்வாட்டோ என்ற பெரிய குலத்தின் தலைமை அவருடைய குடும்பத்துக்கு உரியது.

தாத்தா மூன்றாம் காமா பெரும் புகழ் பெற்றவர். 1895-ல் வேறு இரண்டு குலத் தலைவர்களுடன் லண்டனுக்குக் கப்பல் ஏறினார். செசில் ரோட்சின் கம்பெனியிடம் தங்கள் மண்ணை ஒப்படைத்துவிடக் கூடாது என்று பிரிட்டிஷ் சர்க்காரிடம் வாதாடி, வெற்றியுடன் திரும்பினார். அப்போது அந்த நாட்டுக்குப் பெச்சுவானாலாந்து என்று பெயர்.

1925-ல் செரெட்சேயின் தந்தை இறந்தார். நாலு வயதுக் குழந்தைக்குத் தலைமைப் பட்டம் வந்தது. பையன் வளரும்வரை சிற்றப்பா ஷெகேடி காமா குலத்தின் காரியங்களைக் கவனித்தார். அண்ணன் மகனைத் தம் பிள்ளையைப்போல் வளர்த்துப் படிக்க வைத்தார்.

தென் ஆப்பிரிக்காவில் பட்டம் பெற்ற செரெட்சே, 1945-ல் இங்கிலாந்துக்குப் போனார். ஆக்ஸ்போர்டில் படித்தார், பிறகு லண்டனில் சட்டம் படித்தார்.

கல்யாணத்தால் வந்த புயல்

லண்டனில் ரூத் வில்லியம்ஸ் என்ற பெண்ணைச் சந்தித்தார். அவர் ஓர் அலுவலகத்தில் குமாஸ்தா. வெள்ளைக்காரப் பெண். இருவரும் 1948 செப்டம்பரில் பதிவுத் திருமணம் செய்து கொண்டார்கள்.

சிற்றப்பா கொதித்தார். குலத்தைக் கேட்காமல் தலைவன் எப்படிப் பெண் எடுக்கலாம் என்பது அவர் கேள்வி. செரோவேயில் ஊர்க்கூட்டம் பலமுறை கூடியது. முதலில் பெரியவர்கள் செரெட்சேயைக் கண்டித்தார்கள். 1949 ஜூன் மாதம் ஆயிரக்கணக்கானோர் கூடிய கூட்டத்தில், மனைவியோடு அவரைத் தலைவராக ஏற்றுக் கொண்டார்கள்.

வீட்டுச் சண்டை தீர்ந்தது. ஆனால் வெளியிலிருந்து வேறு சண்டை வந்தது.

பக்கத்து நாடான தென் ஆப்பிரிக்காவில் அதே 1949-ல், வெள்ளையரும் மற்றவரும் மணந்து கொள்ளக் கூடாது என்று சட்டம் வந்தது. எல்லைக்கு அப்பால் ஒரு கறுப்புத் தலைவர் வெள்ளைக்கார மனைவியோடு ஆட்சி செய்வதை அந்த சர்க்கார் சகிக்கவில்லை. பிரிட்டனுக்கோ தென் ஆப்பிரிக்காவின் தங்கமும் யுரேனியமும் தேவைப்பட்டன.

பிரிட்டன் ஒரு விசாரணைக் கமிஷன் வைத்தது. செரெட்சே தலைமைக்குத் தகுதியானவர் என்று கமிஷன் கண்டது. ஆனாலும் தென் ஆப்பிரிக்காவின் கோபத்தை எண்ணி, அவரை ஏற்க வேண்டாம் என்று சொல்லிற்று. அந்த அறிக்கையை பிரிட்டன் வெளியிடாமல் பூட்டி வைத்தது!

1950-ல் பேச்சு வார்த்தைக்கு என்று அவரை லண்டனுக்கு அழைத்து, ஊர் திரும்பத் தடை போட்டார்கள். 1952-ல் அதை நிரந்தரத் தடையாக்கினார்கள். ஆனால் குலத்தார் வேறு தலைவரைத் தேர்ந்தெடுக்க மறுத்துவிட்டார்கள்.

கடைசியில் சிற்றப்பாவும் மகனும் ராசியானார்கள். இருவரும் தலைமைப் பட்டத்தைத் துறந்தார்கள். 1956-ல் செரெட்சே மனைவி மக்களுடன் சாதாரணக் குடிமகனாக ஊர் திரும்பினார்.

மாடே செல்வம்

ஊரில் அவர் மாட்டுப் பண்ணை வைத்தார். அந்த நாட்டில் மாடுதான் செல்வம், மாடுதான் சேமிப்பு. பெண்ணுக்குப் பரிசம் கொடுப்பதும் மாடாகத்தான். ஏர் உழுவதும் அதுவே.

லொபாட்சே என்ற ஊரில் 1954-ல் ஒரு பெரிய இறைச்சித் தொழிற்சாலை ஏற்பட்டது. மாட்டிறைச்சி ஏற்றுமதிதான் நாட்டின் முக்கிய வருமானம். அது போதாமல், ஆண்கள் தென் ஆப்பிரிக்கச் சுரங்கங்களுக்குக் கூலி வேலைக்குப் போனார்கள்.

1962-ல் செரெட்சே தோழர்களுடன் ஒரு கட்சி தொடங்கினார். 1965 தேர்தலில் 31 இடங்களில் 28 இடம் அந்தக் கட்சிக்குக் கிடைத்தது. அவர் பிரதம மந்திரி ஆனார். 1966 செப்டம்பர் 30-ந் தேதி நாடு விடுதலை பெற்றதும் முதல் ஜனாதிபதி ஆனார்.

பதவி கிடைத்தது; கஜானா காலி! பல ஆண்டுகள் மழை பொய்த்து, மந்தைகளில் மூன்றில் ஒரு பங்கு மடிந்திருந்தது. தார் போட்ட ரோடு நாடு முழுவதும் சுமார் 12 கிலோ மீட்டர்தான். சொந்த மக்களில் பட்டதாரிகள் 22 பேர். சர்க்காரை நடத்தவே பிரிட்டன் பணம் தர வேண்டியிருந்தது. அதுவரை தலைநகர்கூட நாட்டுக்கு வெளியே, தென் ஆப்பிரிக்காவின் மாபெக்கிங் ஊரில் இருந்தது. காபரோன் என்ற புதுத் தலைநகரை அப்போதுதான் கட்டினார்கள்.

மணலுக்கு அடியில்

மொட்லவுட்சே என்ற ஆற்று மணலில் 1950-களில் சில சிறு வைரக் கற்கள் அகப்பட்டன. ஆற்றோடு மேலே தேடிப் போனார்கள். கற்கள் எங்கிருந்து வந்தன என்பது புலப்படவில்லை.

காவின் லாமண்ட் என்ற நிலநூல் நிபுணர் ஒரு யோசனை செய்தார். பல யுகங்களுக்கு முன் நிலம் மேடிட்டு, ஆற்றின் மேல்பகுதியைத் துண்டித்திருக்கலாம். அப்படியானால் வைரத்தின் பிறப்பிடம் இன்னும் மேற்கே இருக்க வேண்டும்!

அங்கே தேடினார்கள். 1967-ல் ஒராபா என்ற இடத்தில் வைரப் பாறை அகப்பட்டது. அதன் பரப்பு 100 ஹெக்டேருக்கும் மேல். உலகத்தின் மிகப் பெரிய வைரப் பாறைகளில் அதுவும் ஒன்று.

இங்கேதான் செரெட்சேக்குச் சோதனை வந்தது.

ஒராபா இருந்தது பாமங்வாட்டோ மண்ணில். அதாவது, அவருடைய சொந்தக் குலத்தின் பூமியில்! பழைய வழக்கப்படி மண்ணுக்கு அடியில் கிடைப்பது அந்தந்தக் குலத்துக்குச் சொந்தம். அப்படியே விட்டிருந்தால் ஒரு குலம் செழித்திருக்கும். மற்றக் குலங்கள் பார்த்துக் கொண்டிருக்கும். பொறாமை பகையாகும். பகை சண்டையாகும்.

செரெட்சேயின் சர்க்கார் அதே 1967-ல் ஒரு சட்டம் கொண்டு வந்தது. கனிப்பொருள் உரிமையைக் குலங்கள் நாட்டுக்கு ஒப்படைக்க வேண்டும் என்றது சட்டம். குலங்களும் சம்மதித்தன. தம் குலத்தின் வைரத்தையே பொதுவில் வைத்தவரிடம் யார் மறுத்துப் பேச முடியும்?

பாதிக்குப் பாதி

ஒராபா சுரங்கம் 1971-ல் வேலை தொடங்கியது. முதலில் சர்க்காருக்கு 15 சதவீதப் பங்குதான். வைரம் ஏராளம் என்று தெரிந்ததும் செரெட்சேயின் மந்திரிகள் மறுபடி பேரம் பேசினார்கள். 1975-ல் சர்க்காரின் பங்கு 50 சதவீதம் ஆனது. வரியும் தனியாகக் கிடைத்தது.

வந்த பணம் அரண்மனை ஆகவில்லை. பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, குடிநீர்க் கிணறு, ரோடு என்று ஆனது. 1970-களின் தொடக்கத்திலேயே, சர்க்காரை நடத்த பிரிட்டனிடம் கை நீட்டும் நிலை மாறியது.

1976-ல் சொந்த நாணயம் வந்தது. அதற்கு வைத்த பெயர் புலா. அவர்கள் மொழியில் புலா என்றால் மழை! வறண்ட பூமிக்கு அதைவிடப் பெரிய செல்வம் எது?

அதே ஆண்டில், பல்கலைக்கழகம் கட்டக் குடிமக்கள் ஆளுக்கு ஒரு மாடு கொடுக்கும்படி செரெட்சே வேண்டினார். மாடு உள்ளவர் மாடு கொடுத்தார். இல்லாதவர் தானியம் கொடுத்தார், முட்டை கொடுத்தார். அப்படி எழுந்தது போட்ஸ்வானா பல்கலைக்கழகம்.

எல்லாமே வெற்றி அல்ல. செலிபி-பிக்வேயில் தொடங்கிய தாமிரம், நிக்கல் சுரங்கம் ஆரம்பம் முதலே தொல்லை கொடுத்தது, 2016-ல் மூடப்பட்டது. 1977-ல் மாடுகளுக்குக் கோமாரி நோய் கண்டு இறைச்சி ஏற்றுமதி நின்றது. அதன் பிறகு காபரோனிலேயே கோமாரித் தடுப்பு மருந்து தயாரிக்கும் நிலையம் ஏற்பட்டது.

கடைசி முயற்சி

கடல் இல்லாத நாட்டின் கழுத்து அண்டை நாட்டின் கையில். இது செரெட்சேக்கு நன்றாகத் தெரியும். தென் ஆப்பிரிக்காவை மட்டும் நம்பி வாழாமல் சுற்றியுள்ள நாடுகள் ஒன்றுகூட வேண்டும் என்று பாடுபட்டார். 1980 ஏப்ரல் 1-ந் தேதி லுசாகா நகரில் ஒன்பது நாடுகள் கூடின. கூட்டத்துக்குத் தலைமை வகித்தவர் செரெட்சே.

அப்போதே அவர் உடலைப் புற்றுநோய் அரித்துக் கொண்டிருந்தது. 1980 ஜூலை 13-ந் தேதி காலமானார். வயது 59. செரோவேயில், முன்னோர்களின் பக்கத்தில் அடக்கம் செய்தார்கள்.

ஜ்வானெங் என்ற இன்னொரு வைரச் சுரங்கம் 1982-ல் திறக்கப்பட்டது. மதிப்பில் உலகத்தின் முதல்தரச் சுரங்கங்களில் ஒன்று. அந்தத் திறப்பு விழாவைக் காண அவர் இல்லை. 1994-ல் மிகவும் பின்தங்கிய நாடுகளின் பட்டியலிலிருந்து போட்ஸ்வானா வெளியேறியது. ஐக்கிய நாடுகள் சபையின் அந்தப் பட்டியலிலிருந்து முன்னேறி வெளியே வந்த முதல் நாடு அதுதான்.

இன்று அந்த நாட்டுக்கு வேறு கவலை. தொழிற்சாலையில் செய்யும் வைரம் சந்தைக்கு வந்து, சுரங்க வைரத்தின் விலையைச் சரித்துவிட்டது. ஏழை பணக்காரன் வித்தியாசமும் மிகுதி. வைரத்தை மட்டும் நம்பி இனி வாழ முடியாது. வேறு தொழில்கள் தேட வேண்டும்.

பூமிக்கு அடியில் புதையல் கிடைத்த நாடுகள் பல. அந்தப் புதையலுக்காகவே அடித்துக்கொண்டு அழிந்த நாடுகளும் உண்டு. போட்ஸ்வானா அந்தக் கதிக்கு ஆளாகவில்லை. புதையல் வெளியே வருவதற்கு முன்பே, அது யாருக்குச் சொந்தம் என்று அங்கே முடிவு செய்துவிட்டார்கள். தம் குலத்துக்கு உரியதை முதலில் விட்டுக் கொடுத்தவர் செரெட்சே காமா.