இரண்டு காதுக்கு ஒரு மனிதர்

(மின்னணுவியல் மற்றும் தகவல் தொடர்பியல் துறை, இரண்டாம் ஆண்டு)



எடிசனைத் தெரியாதவர் நம்மில் யாரும் இல்லை. மார்க்கோனியையும் பள்ளிப் பாடத்திலேயே படித்துவிட்டோம். ஆனால் தினமும் காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு, வயலின் இந்தப் பக்கம், தபேலா அந்தப் பக்கம் என்று ரசிக்கிறோமே, அந்த ஸ்டீரியோவுக்கு அடித்தளம் போட்டவர் யார் என்று கேட்டால் பாதிப் பேர் விழிப்போம். ஒலித்துறையில் இருப்பவர்கள் எல்லோரும் அறிந்த அவர் பெயர் ஆலன் டவர் பிளம்லைன். 38 வருடம்தான் வாழ்ந்தார். அதற்குள் 128 காப்புரிமைகள்!

1903 ஜூன் 29 அன்று லண்டனில் ஹாம்ப்ஸ்டெட் என்ற பகுதியில் பிறந்தார். அப்பா ஜெர்மனியில் பிறந்து இங்கிலாந்தில் குடியேறியவர். ஏழு வயதில் வீட்டு அழைப்பு மணியை ரிப்பேர் செய்துவிட்டு, தன்னை மின் பொறியாளர் என்று போட்டுக்கொண்டு அப்பாவிடமே பில் நீட்டினாராம். ஆனால் படிப்பு? பன்னிரண்டு வயது வரைக்கும் ஒழுங்காக வாசிக்க வராது. கணக்கு மட்டும் பிரமாதமாக வரும் என்று பின்னாளில் அவரே சொல்வாராம். ஆங்கிலப் புத்தகத்தைப் பார்த்தாலே வியர்க்கிற நம்மில் பலருக்கு இந்தச் செய்தி ஒரு டம்ளர் மோர் மாதிரி.

லண்டன் சிட்டி அண்ட் கில்ட்ஸ் கல்லூரியில் முதல் வகுப்பில் தேறி, 1924-ல் வெஸ்டர்ன் எலெக்ட்ரிக் கம்பெனியில் சேர்ந்தார். தொலைதூர டெலிபோன் கேபிளில் ஒருவர் பேசுவது பக்கத்து ஜோடிக் கம்பியிலும் கேட்கும். பாடத்தில் கிராஸ்டாக் என்று படிக்கிறோமே, அதுதான். அதைக் குறைப்பதுதான் அவருக்கு வேலை. ஒரு கம்பிக்கும் இன்னொரு கம்பிக்கும் நடுவே என்ன வித்தியாசம் என்று அளந்து அளந்தே ஐந்து வருடம் பழகியவர், 1929-ல் கொலம்பியா கிராஃபோபோன் கம்பெனிக்கு மாறினார். 1931-ல் அது எச்.எம்.வி.யோடு இணைந்து இ.எம்.ஐ. ஆனது.

அந்தச் சமயத்தில் பேசும் படம் வந்து சில வருடங்களே ஆகியிருந்தன. பின்னாளில் தன் மனைவியாகப் போகும் டோரீனுடன் சினிமாவுக்குப் போனவருக்கு ஒரு விஷயம் உறுத்தியதாம். நடிகர் திரையில் ஒரு ஓரத்தில் நிற்கிறார். குரலோ எங்கிருந்தோ வருகிறது. ஆளைத் தொடர்ந்து குரலையும் நகர வைக்க வழி இருக்கிறது என்றாராம். வாயால் சொன்னதோடு நிற்கவில்லை. 1931 டிசம்பர் 14 அன்று காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். 1933-ல் கிடைத்தது. எண் 394325. உரிமைக் கோரிக்கைகள் மட்டும் 70!

அந்த ஒரே ஆவணத்தில் என்னவெல்லாம் இருந்தது தெரியுமா? இரண்டு மைக்குகளை ஒரே இடத்தில் 90 டிகிரி கோணத்தில் வைத்து ஒலிப்பதியும் முறை; அது இன்றும் பிளம்லைன் ஜோடி என்ற பெயரிலேயே வழங்குகிறது. இசைத்தட்டின் ஒரே பள்ளத்தில் இடச் சுவரில் ஒன்று, வலச் சுவரில் ஒன்று என 45 டிகிரியில் இரண்டு தடங்களைச் செதுக்கும் முறையும் அதில் இருந்தது. 1934-ல் அபி ரோடு ஸ்டுடியோவில் தாமஸ் பீச்சம் நடத்திய மொசார்ட் சிம்பொனி ஒத்திகையை ஸ்டீரியோவில் பதிந்தார்கள். ஆனால் ஸ்டீரியோ இசைத்தட்டுகள் கடைக்கு வந்தது 1958 வாக்கில்தான்.

எல்லாவற்றிலும் எனக்குப் பிடித்தது அவருடைய கூட்டல் கழித்தல் கணக்கு. இடது, வலது என்ற இரண்டு சிக்னலையும் கூட்டினால் ஒன்று கிடைக்கும். கழித்தால் இன்னொன்று கிடைக்கும். கூட்டியது, நடுவில் இருக்கும் பொது ஒலி. கழித்தது, இரண்டுக்கும் உள்ள வித்தியாசம். ஸ்டீரியோவின் அகலம் முழுக்க அந்த வித்தியாசத்தில்தான் இருக்கிறது. ஒரே ஒரு ஸ்பீக்கரில் இரண்டையும் சேர்த்துக் கொடுத்தால் கூட்டல் மட்டும் கேட்கும். கழித்தல் காணாமல் போயிடும்!

இது வெறும் புத்தகக் கணக்கு இல்லை. ஒரு கல்யாண வரவேற்பில் நேரிலேயே பார்த்தேன். மெல்லிசைக் குழுவின் கிடார் அண்ணன் ஒரு ஸ்டீரியோ கோரஸ் பெடல் வைத்திருந்தார். ஹெட்போனில் கேட்டால் தண்ணீரில் அலை எழும்பின மாதிரி இருந்தது. மைக்செட்காரர் அதன் இரண்டு அவுட்புட்டையும் சேர்த்து மேடையிலிருந்த ஒரே பெட்டியில் கொடுத்தார். அலை போச்சு, வெறும் கிடார்தான் மிச்சம். பெடல் கெட்டுவிட்டது என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். அனுபவசாலியான கீபோர்டு அண்ணன் வந்து ஒரு ஒயரைப் பிடுங்கினார். உடனே அலை திரும்பி வந்தது! ஒயரை எடுத்தால் சத்தம் கூடுமா என்று வியந்துபோய்த் தேடியதில்தான் பிளம்லைன் எனக்கு அறிமுகமானார்.

காரணம் இதுதான். சில பெடல்களில் இடப்பக்கம் நேரடி ஒலியோடு எஃபெக்டைக் கூட்டி அனுப்புவார்கள். வலப்பக்கம் அதே எஃபெக்டை 180 டிகிரி ஃபேஸ் திருப்பி, அதாவது கழித்து, அனுப்புவார்கள். தனித்தனி ஸ்பீக்கரில் அகலமாகக் கேட்கும். ஒன்றாகச் சேர்த்தால் பிளஸ்ஸும் மைனஸும் அடிபட்டு எஃபெக்ட் பூஜ்யம், நேரடி ஒலி இரண்டு மடங்கு. இன்னும் சில கருவிகளில் ஒரு பக்கத்தை மட்டும் கொஞ்சம் தாமதப்படுத்துவார்கள். தாமதம் 1 மில்லி செகண்டு என்று வைத்துக்கொள்வோம். 500 ஹெர்ட்ஸ் அலைக்கு அது சரியாக அரைச் சுற்று. எனவே சம அளவில் சேர்த்தால் 500, 1500, 2500 ஹெர்ட்ஸ் எல்லாம் அழிந்துவிடும். ஒலி சீப்பால் வாரியது போல இடையிடையே பள்ளம் விழுந்து, தகர டப்பாவுக்குள் வாசித்த மாதிரி ஆகிவிடும். ஒரே ஸ்பீக்கர்தான் என்றால் மோனோ என்று குறித்திருக்கும் ஒரு அவுட்புட்டை மட்டும் எடுங்கள். அவ்வளவுதான் வைத்தியம்.

பிளம்லைன் அதோடு நிற்கவில்லை. நாம் படிக்கும் டிஃபரன்ஷியல் ஆம்ப்ளிஃபயர் வகைச் சுற்றான லாங் டெயில்டு பேருக்கு 1936-ல் காப்புரிமை கேட்டார். பொதுவாக வருவதைத் தள்ளி வித்தியாசத்தை மட்டும் பெருக்கும் சுற்று அது. பாருங்கள், இங்கேயும் அதே கழித்தல்தான்! அதே ஆண்டு நவம்பர் 2-ல் பி.பி.சி. லண்டனில் தொடங்கிய டெலிவிஷன் சேவையில், இ.எம்.ஐ.யின் 405 கோட்டு முறையை உருவாக்கியவர்களில் அவரும் ஒருவர்.

பிறகு போர் வந்தது. இரவிலும் மேகத்திலும் கீழே உள்ள நிலத்தைத் திரையில் காட்டும் எச்2எஸ் என்ற விமான ரேடாரில் வேலை செய்தார். 1942 ஜூன் 7. அதைச் சோதிக்க ஹாலிஃபாக்ஸ் விமானத்தில் பறந்தபோது எஞ்ஜின் தீப்பிடித்தது. வெல்ஷ் பிக்னர் என்ற கிராமத்துக்கு அருகில் விமானம் விழுந்து நொறுங்கியது. பதினொரு பேரும் இறந்தார்கள். ரகசிய வேலை என்பதால் அவர் மறைவைக்கூட அப்போது வெளியில் சொல்லவில்லை. இரண்டு சிறு மகன்களுக்கு அப்பா இல்லாமல் போனார்.

காரணம் என்ன தெரியுமா? எஞ்ஜினில் டேப்பெட் நட்டு ஒன்று சரியாக முறுக்கப்படவில்லை. அதனால் வால்வுத் தண்டு முறிந்தது, தீ பிடித்தது. 128 காப்புரிமை பெற்ற மூளையை ஒரு லூஸ் நட்டு கொண்டுபோய்விட்டது.

நண்பர்களே, நம்மில் எல்லோரும் பிளம்லைன் ஆகிவிட முடியாது. ஆனால் ஸ்பானர் பிடிக்கப்போவது நம்ம கைதான். லிஃப்டோ, பஸ்ஸோ, ஆஸ்பத்திரி மிஷினோ, நாம் முறுக்கும் நட்டை நம்பி முகம் தெரியாத யாரோ உட்கார்ந்திருப்பார்கள். ஒர்க்‌ஷாப்பில் அரை மார்க்குக்காக அல்ல, அவர்களுக்காக இன்னொரு தடவை முறுக்கிப் பார்ப்போம். ஸ்டீரியோ தந்த அந்த மனிதருக்கு நாம் செய்யும் அஞ்சலி அதுவே.