வாடகைக்கு ஒரு வீடு

மார்ட்டின் லூதர் கிங் என்றதும் மாண்ட்கோமரி பேருந்துப் புறக்கணிப்பும் 1964ஆம் ஆண்டின் நோபல் அமைதிப் பரிசும் நினைவுக்கு வரும். அவர்தம் இறுதி ஆண்டுகளை ஆட்கொண்ட மற்றொரு போராட்டம் அத்துணை அறியப்படவில்லை. அது குடியிருக்கும் வீடு பற்றியது.

அட்லாண்டாவில் 1929இல் பிறந்த கிங், அமெரிக்கத் தென்மாநிலங்களில் சட்டமே இனப்பாகுபாட்டைக் காத்து நின்றதைக் கண்டவர். வடக்கே சிகாகோவில் அத்தகைய சட்டம் இல்லை. ஆயினும் கறுப்பின மக்கள் நகரின் சில பகுதிகளுக்குள்ளேயே அடைபட்டிருந்தனர். கையில் பணமிருந்தும் பிற இடங்களில் வீடு கிடைக்கவில்லை. 1966 சனவரியில் கிங் அந்நகரின் மேற்குப் பகுதியில், சிதைந்த கட்டடம் ஒன்றின் மூன்றாம் தளத்தில் வாடகைக்குக் குடியேறினார். வாயிற்கதவுக்குப் பூட்டில்லை, படிவழியெங்கும் துர்நாற்றம். குடிவருபவர் யாரென அறிந்ததும் உரிமையாளர் விரைந்து வண்ணம் பூசிச் செப்பனிட்டார். கிங் வீடு மாறிக்கொண்டே இருந்தால் சேரி முழுதும் சீராகிவிடும் என ஊரார் நகையாடினர். அந்நகையாடலில் உண்மையும் இருந்தது.

அவ்வாண்டுக் கோடையில் இயக்கத்தினர் எளிய சோதனை ஒன்றை மேற்கொண்டனர். வெள்ளையர் பகுதியின் வீட்டுத் தரகரிடம் கறுப்பினத்தவர் சென்றபோது வீடில்லை என்ற விடை கிடைத்தது. வெள்ளையர் சென்றபோது வீடுகள் காட்டப்பட்டன. பாகுபாட்டு முறையீடுகளை மெய்ப்பிக்க இன்றும் இம்முறை கையாளப்படுகிறது. ஆகஸ்டு 5 அன்று நடந்த ஊர்வலத்தில் கல்லொன்று கிங்கின் தலையைத் தாக்கியது. முழந்தாளிட்டு வீழ்ந்தவர், எழுந்து தொடர்ந்து நடந்தார். அம்மாத இறுதியில் நகரத் தலைவர்களுடன் உடன்பாடு ஏற்பட்டது. எனினும் அது வெறும் வாக்குறுதியாகவே நின்றது.

வீட்டுரிமைச் சட்ட முன்வரைவு அவ்வாண்டே செனட் அவையில் தோற்றது. 1968 மார்ச்சில் அவ்வவை நிறைவேற்றிய புதிய முன்வரைவோ கீழவையில் தேங்கிக் கிடந்தது. ஏப்ரல் 4 அன்று, துப்புரவுப் பணியாளர் போராட்டத்திற்குத் துணைநிற்க மெம்பிஸ் சென்றிருந்த கிங் சுட்டுக் கொல்லப்பட்டார். ஏப்ரல் 10 அன்று கீழவை இசைந்தது. மறுநாள் குடியரசுத் தலைவர் ஜான்சன் கையொப்பமிட்டார். இரண்டாண்டுகளாக நகராதிருந்த சட்டம் ஏழே நாள்களில் நிறைவேறியதைப் பெருமிதத்துடன் கூற இயலவில்லை.

இனம், நிறம், சமயம், பூர்விக நாடு ஆகியவற்றைக் காட்டி வீடு மறுப்பதை அச்சட்டம் தடை செய்தது. ஆயினும் முறையீடு வந்தால் அரசுத்துறை சமரசம் பேசலாமேயன்றித் தண்டம் விதிக்க இயலாது. செனட்டில் வாக்குகளைப் பெறுவதற்காக விட்டுக்கொடுக்கப்பட்ட பகுதி அது. 1988ஆம் ஆண்டுத் திருத்தமே, விசாரித்துத் தண்டம் விதிக்கும் அதிகாரத்தையும், முறையிட ஓராண்டுக் காலத்தையும் வழங்கியது.