சந்திரசேகர் கற்ற கணிதம்

முத்தியால்பேட்டையிலிருந்து வடக்கே காலாப்பட்டுக்குப் பேருந்தேறி, புதுவைப் பல்கலைக்கழகத்தில் முதுநிலை இயற்பியல் பயிலும் மாணவரைக் கேட்டால், அஞ்சத்தக்க பாடம் கணித இயற்பியலே என்பர். இயற்பியல் கற்க வந்தவருக்கு இத்துணைக் கணிதம் எதற்கு என்று அவர்கள் வினவுவதை நாமும் கேட்டிருக்கின்றோம். விடையாக ஒரு வாழ்க்கையையே காட்டலாம். அது சுப்பிரமணியன் சந்திரசேகரின் வாழ்க்கை.

1910 அக்டோபர் 19 அன்று லாகூரில் பிறந்த அவர், சர் சி. வி. இராமனின் அண்ணன் மகன் ஆவார். அன்னையார் சீதாலட்சுமி இப்சனின் நாடகமொன்றைத் தமிழாக்கியவர். தமிழ்த்துறை மலரில் இதனைக் குறிக்காது செல்ல நமக்கு மனமில்லை. தந்தையாரோ மகன் ஐ. சி. எஸ். அதிகாரியாக வேண்டுமென விழைந்தார். மகனின் நாட்டம் கணிதத்தில் இருந்தது. இறுதியில் சென்னை மாநிலக் கல்லூரியில் இயற்பியல் சிறப்பு வகுப்பில் சேர்ந்தார். எனினும் கணித வகுப்புகளுக்குச் சென்று அமர்வதை அவர் விடவில்லை. பெயர் ஒரு துறையில். செவி இரு துறைகளில்.

1928இல் ஜெர்மானியப் பேரறிஞர் சாமர்பெல்டு சென்னைக்கு வந்தார். அவரை நாடிச் சென்ற இளைஞர், தாம் கற்ற அணுவியல் பழமைப்பட்டுவிட்டது என்பதை அறிந்து திகைத்தார். சாமர்பெல்டு தந்த கட்டுரையின் அச்சுப்படியைக் கொண்டே எலெக்ட்ரான்களுக்குரிய புதிய புள்ளியியலைத் தாமே கற்றார். மறு ஆண்டே அவர் எழுதிய ஆய்வுரை இலண்டன் இராயல் கழக இதழில் வெளிவந்தது. அப்போது அவருக்கு அகவை இருபது கூட நிரம்பவில்லை. கட்டுரைப் போட்டியில் வென்றதற்குப் பரிசாக, விண்மீன்களின் உள்ளமைப்புப் பற்றி எடிங்டன் எழுதிய நூலைப் பெற்றார். இப்பெயரை வாசகர் நினைவிற் கொள்க.

அரசு உதவித்தொகை பெற்று 1930 சூலை 31 அன்று பம்பாயில் கப்பலேறினார். நோயுற்றிருந்த அன்னையே அவரைச் செல்லத் தூண்டினார். அடுத்த ஆண்டு அவ்வம்மையார் மறைந்தபோது மகன் கடல் கடந்து இருந்தார்.

கப்பலில் அவர் செய்த கணக்கை இங்குச் சற்று விரித்துரைப்போம். எரிபொருள் தீர்ந்து சுருங்கிய விண்மீனை வெண்குறு விண்மீன் என்பர். ஈர்ப்பால் அது மேலும் நொறுங்காமல் தாங்குவது நெருக்குண்ட எலெக்ட்ரான்களின் அழுத்தமே. எலெக்ட்ரான்கள் மெதுவாக இயங்கினால் அவ்வழுத்தம் அடர்த்தியின் 5/3 அடுக்காக உயரும். ஒளியின் வேகத்தை நெருங்கினாலோ சார்பியல் குறுக்கிடும். அடுக்கு 4/3 ஆகக் குறைந்துவிடும். 5/3, 4/3 என்பதில் என்ன பெரிய வேறுபாடு என்று தோன்றலாம். ஆனால் 4/3 என்றானதும், விண்மீன் எவ்வளவு சுருங்கினாலும் அழுத்தம் ஈர்ப்பை விஞ்சுவதில்லை. ஆகவே தாங்கக்கூடிய நிறைக்கு ஓர் எல்லை உண்டு. இன்றைய கணக்கில் அது ஏறத்தாழ 1.4 சூரிய நிறை. எலெக்ட்ரான் புள்ளியியல், சார்பியல், விண்மீன் சமநிலைக்கான வகைக்கெழுச் சமன்பாடு ஆகிய மூன்றும் ஒருவர் கையிலேயே இருந்தமையால் அன்றோ கடற்பயணத்தில் இது கைகூடிற்று!

கேம்பிரிட்ஜில் 1933இல் முனைவர் பட்டம் பெற்றார். 1935 சனவரி 11 அன்று இலண்டன் அரச வானியல் கழகத்தில் தம் முடிவை விரிவாக எடுத்துரைத்தார். அடுத்து எழுந்தவர் எடிங்டன். அக்கணக்கின் அடிப்படையையே அவர் அவையோர் நகைக்கும்படி மறுத்தார். யாருடைய நூலைப் பரிசாகப் பெற்றுக் கற்றாரோ அவரே மறுத்தார்! தனிமையில் சந்திரசேகருக்கு ஆதரவு காட்டிய அறிஞர்கள் அவையில் வாய் திறக்கவில்லை. இதனை நாம் எளிதில் மன்னிக்க இயலவில்லை. சந்திரசேகரோ மன்னித்தார். எடிங்டனோடு நட்பைப் பேணினார். 1944இல் அவர் மறைந்தபோது புகழுரையும் ஆற்றினார்.

தம் கணக்கை 1939இல் நூலாக்கிவிட்டு வேறு துறைக்குச் சென்றார். விண்மீன் கூட்டங்களின் இயக்கம், கதிர்வீச்சு, பாய்மங்களின் நிலைப்பு, கருந்துளை என ஒவ்வொன்றிலும் பல்லாண்டு உழைத்துப் பெருநூல் ஒன்று எழுதுவதும், பின் புதியதொன்றைத் தொடக்கத்திலிருந்து கற்பதும் அவர்தம் வழக்கமாயிற்று. யெர்க்கிஸ் வான்நோக்ககத்திலிருந்து நெடுந்தொலைவு காரோட்டிச் சிகாகோ சென்று அவர் பாடம் நடத்திய வகுப்பில் லீ, யாங் என்னும் சீன மாணவர் இருவர் இருந்தனர். அவர்கள் 1957இல் நோபெல் பரிசு பெற்றனர். ஆசிரியருக்கு அது 1983இல்தான் கிட்டியது.

முதுமையில் நியூட்டனின் பிரின்சிப்பியாவைக் கையிலெடுத்தார். ஒவ்வொரு தேற்றத்தையும் முதலில் தாமே நிறுவிப் பார்த்து, அதன் பின்னரே நியூட்டனின் நிறுவலோடு ஒப்பிட்டார். அந்நூல் வெளிவந்த 1995ஆம் ஆண்டிலேயே, ஆகஸ்டு 21 அன்று, சிகாகோவில் மறைந்தார்.