ருடால்ஃப் டீசல் வாழ்க்கையும் உங்கள் சைலன்சர் புகையும்

பூந்தமல்லி, திருமழிசை பக்கம் பழைய டிராக்டர் வைத்திருக்கிறீர்களா? அல்லது ஊர் ஊராகப் போய் வேலை பார்ப்பதற்காக, உள்ளே படுக்கையும் அடுப்பும் வைத்த பழைய டீசல் வேனை ஓட்டுகிறீர்களா? வண்டி கறுப்பாகப் புகை விட்டால் சைலன்சரை மாற்றிவிடலாம் என்றுதான் முதலில் தோன்றும். அம்பத்தூர் தொழிற்பேட்டைப் பக்கம் போனால் கேட்ட அளவில் குழாய் வளைத்துத் தரப் பட்டறைகளுக்குப் பஞ்சமில்லை. பணத்தை எடுப்பதற்கு முன், அந்த இன்ஜினுக்குத் தன் பெயரையே கொடுத்துவிட்டுப் போன மனிதரின் கதையைக் கொஞ்சம் கேளுங்கள். புகையாகப் போகும் வெப்பத்தை எப்படி வேலையாக மாற்றுவது என்பதுதான் அவருடைய ஆயுட்காலக் கவலை.

ருடால்ஃப் டீசல் 1858 மார்ச் 18-ல் பாரிஸ் நகரில் பிறந்தார். பெற்றோர் ஜெர்மனியின் பவேரியாவைச் சேர்ந்தவர்கள். தந்தை தோல் பொருள் செய்யும் கைவினைஞர், வசதியான குடும்பம் இல்லை. 1870-ல் பிரான்சுக்கும் ஜெர்மானியர்களுக்கும் போர் மூண்டதும் குடும்பம் லண்டனுக்குப் போனது. 12 வயதுப் பையனை மட்டும் ஆக்ஸ்பர்க் நகரில் இருந்த உறவினர் வீட்டுக்குப் படிக்க அனுப்பினார்கள். அங்கிருந்து உதவித்தொகையில் மியூனிக் பொறியியல் கல்லூரிக்குப் போனார். குளிர்சாதனத் தொழிலின் முன்னோடியான கார்ல் வான் லிண்டே அங்கே அவருக்கு ஆசிரியர்.

நீராவி இன்ஜினில் போடும் நிலக்கரியின் வெப்பத்தில் பத்தில் ஒரு பங்குகூட வேலையாக மாறுவதில்லை, மீதியெல்லாம் வீண் என்று லிண்டே வகுப்பில் விளக்கினார். அது மாணவரின் மனதில் தைத்தது. படிப்பு முடிந்து லிண்டேயின் ஐஸ் இயந்திர வேலையில் சேர்ந்த பிறகும் அதையே யோசித்துக்கொண்டிருந்தார். முதலில் அம்மோனியா ஆவியில் ஓடும் இன்ஜினை முயன்று பார்த்தார். அது வெடித்து, மாதக்கணக்கில் ஆஸ்பத்திரியில் கிடந்தார்.

பிறகுதான் சரியான வழி கிடைத்தது. காற்றை மட்டும் சிலிண்டருக்குள் இழுத்து மிகக் கடுமையாக அழுத்தினால் அதுவே நெருப்பாகச் சூடாகிவிடும். அதில் எரிபொருளைச் செலுத்தினால் தீப்பொறி இல்லாமலே பற்றிக்கொள்ளும். சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடிப்பாகம் சுடுகிறதே, அதே சங்கதிதான். 1892-ல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். 1893 ஆகஸ்டில் ஆக்ஸ்பர்க் இயந்திரத் தொழிற்சாலையில் நடந்த முதல் சோதனையில் அழுத்தம் அளக்கும் கருவியே வெடித்துச் சிதறியது. 1894 பிப்ரவரியில் இன்ஜின் சுமார் ஒரு நிமிடம் தானாக ஓடியது. இன்னும் மூன்று ஆண்டு போராடி, 1897-ல் நடந்த அதிகாரபூர்வ சோதனையில் எரிபொருளின் வெப்பத்தில் 26 சதவீதத்தை வேலையாக மாற்றிக் காட்டினார்.

இங்கே கொஞ்சம் நில்லுங்கள். அந்த அழுத்தம்தான் டீசல் இன்ஜினின் உயிர். உங்கள் வண்டியில் பிஸ்டன் ரிங் தேய்ந்து, வால்வு சரியாக உட்காராமல் போயிருந்தால் காற்று போதுமான அளவு சூடாகாது. காலையில் ஸ்டார்ட் ஆக அடம் பிடிக்கும், வெள்ளையாகப் புகை வரும். இன்ஜின் சூடான பிறகும் வெள்ளைப் புகை நிற்கவில்லை என்றால் ரேடியேட்டர் தண்ணீர் குறைகிறதா என்றும் பாருங்கள், ஹெட் கேஸ்கெட் போயிருக்கலாம். நீலப் புகை வந்தால் இன்ஜின் ஆயில் எரிகிறது. இதில் எதையும் புது சைலன்சர் தீர்க்காது. கம்ப்ரஷன் பார்க்கச் சொல்லுங்கள், அதற்கு ஆகும் செலவு குறைவுதான்.

1900-ல் பாரிஸ் உலகக் கண்காட்சியில் ஒரு சிறிய டீசல் இன்ஜின் நிலக்கடலை எண்ணெயில் ஓடியது. ஆப்பிரிக்கக் காலனிகளில் விளையும் கடலை பயன்படுமா என்று பிரெஞ்சு அரசு பார்க்க விரும்பியது. தாவர எண்ணெய்க்கு எதிர்காலம் உண்டு என்று டீசலும் பின்னாளில் நம்பினார். நம் திருவள்ளூர் மாவட்டத்திலும் கடலை விளைகிறது. அதற்காகச் செக்கு எண்ணெயை டேங்கில் ஊற்றிப் பார்க்க வேண்டாம். டீசலை விடப் பல மடங்கு கெட்டியான எண்ணெய் அது. நாசிலில் சரியாகத் தூவாமல் கரியாகப் படியும், ரிங் ஒட்டிக்கொள்ளும். வேதிமுறையில் பயோடீசலாக மாற்றினால்தான் அது சரிப்படும்.

டீசலுக்குப் பெயரும் பணமும் வந்தன, நிம்மதி வரவில்லை. முதலில் விற்ற இன்ஜின்கள் அடிக்கடி மக்கர் செய்தன. காப்புரிமையில் எழுதியது ஒன்று, செய்தது வேறு என்று எதிரிகள் வழக்காடினார்கள். உடல்நலம் கெட்டது. நிலத்திலும் எண்ணெய்த் தொழிலிலும் போட்ட பணம் கரைந்தது. 1913 செப்டம்பர் 29 இரவு, ஆன்ட்வெர்ப் துறைமுகத்திலிருந்து இங்கிலாந்து போகும் டிரெஸ்டன் கப்பலில் ஏறினார். காலையில் அறையில் ஆள் இல்லை, படுக்கை கலையவும் இல்லை. சில நாள் கழித்து ஒரு டச்சுப் படகுக்காரர்கள் கடலில் ஓர் உடலைக் கண்டார்கள். பையில் இருந்த பொருள்களை மட்டும் எடுத்துக்கொண்டு உடலைக் கடலிலேயே விட்டார்கள். அவை அப்பாவுடையவை என்று மகன் அடையாளம் சொன்னார். தற்கொலையா, வேறு ஏதாவதா என்பது இன்றுவரை தீரவில்லை. வயது 55.

லாரியிலும் டிராக்டரிலும் தன் இன்ஜின் பரவியதை அவர் பார்க்கவில்லை. அவர் காலத்தில் எரிபொருளை உள்ளே செலுத்தவே தனியாகக் காற்று கம்ப்ரஸர் வேண்டியிருந்தது. அந்தக் கனத்தைச் சாலை வண்டியில் சுமக்க முடியாது. 1927-ல் ராபர்ட் பாஷ் நிறுவனம் டீசல் பம்பைப் பெரிய அளவில் தயாரிக்கத் தொடங்கிய பிறகுதான் நிலைமை மாறியது. பின்னாளில் ஆவடியில் ராணுவ டாங்கிகளுக்கு டீசல் இன்ஜின் செய்யும் தொழிற்சாலையே வந்தது.

சரி, கறுப்புப் புகைக்கு வருவோம். காற்று குறைவு, அல்லது டீசல் அதிகம் என்பதே அதன் பொருள். முதலில் ஏர் ஃபில்டரைத் திறங்கள். பழைய டிராக்டரில் அடியில் ஆயில் ஊற்றும் வகை இருந்தால் சேற்றை வழித்து எறிந்துவிட்டு, குறியிட்ட அளவுக்குப் புது ஆயில் விடுங்கள். அடுத்து நாசில்களைக் கழற்றிச் சோதிக்கக் கொடுங்கள். பம்ப் செட்டிங்கை நீங்களாகத் திருக வேண்டாம்.

இவ்வளவும் சரியாக இருந்து, சைலன்சர் துருப்பிடித்தோ கரி அடைத்தோ இருந்தால் தாராளமாக மாற்றுங்கள். டர்போ இல்லாத பழைய இன்ஜினில் குழாயைப் பெரிதாக்கி இழுவை கூடும் என்று எதிர்பார்க்காதீர்கள், சத்தம்தான் கூடும். சைலன்சரை எடுத்துவிட்டு வெறும் குழாயோடு வைக்கோல் போருக்குப் பக்கத்தில் ஓட்டுவது இன்னும் ஆபத்து. கரித்துணுக்கு பொறியாகத் தெறித்து விழும்.

உள்ளே ஆள் படுக்கும் வேன் என்றால் மேனிஃபோல்ட் கேஸ்கெட், குழாய் இணைப்பு, தரைத்தகட்டில் உள்ள ஓட்டைகள் எல்லாவற்றையும் பாருங்கள். இணைப்பைச் சுற்றிக் கறுப்பாகக் கரிக்கோடு தெரிந்தால் அங்கே கசிவு. குழாயின் வாய் வண்டியின் உடலைத் தாண்டி வெளியே நீண்டிருக்க வேண்டும். இன்ஜினை ஓடவிட்டுக்கொண்டு உள்ளே தூங்கவே கூடாது. டீசல் பம்ப்செட்டைக் கிணற்றுக்குள் இறக்கி ஓட்டுபவர்களுக்கும் இதே எச்சரிக்கைதான். புகை தேங்கிய கிணற்றில் இறங்கினால் ஆள் மயங்கிவிடுவார், காப்பாற்ற இறங்குபவருக்கும் அதே கதிதான். இன்ஜினை மேலே, காற்றோட்டமான இடத்தில் வையுங்கள்.