எல்லையில் நின்ற எலக்ட்ரான்கள்

நுழையும்முன்

இரு மூலக்கூறுகள் வினைபுரியும்போது, எந்த இடத்தில் அவை ஒன்றையொன்று பற்றிக்கொள்ளும்? சோதனைக்குழாயில் செய்து பார்த்தே அறிய வேண்டும் என்று பலர் எண்ணியிருந்த இக்கேள்விக்குக் கணக்கின் வழியே விடை கண்டவர் ஜப்பானிய வேதியியலறிஞர் கெனிச்சி ஃபுகுயி. கணிதத்தை விரும்பிய இளைஞர் ஒருவர் வேதியியலுக்குள் நுழைந்து, பத்தாண்டுகளுக்கும் மேலாக உரிய ஏற்புப் பெறாதிருந்த தம் கருத்தை விடாது வளர்த்து, உலகை ஏற்கச் செய்த வரலாற்றை இப்பாடம் எடுத்துரைக்கிறது.

பிடித்த பாடமும் படித்த பாடமும்

கெனிச்சி ஃபுகுயி 1918ஆம் ஆண்டு அக்டோபர் 4ஆம் நாள் ஜப்பானின் நாரா மாவட்டத்தில் பிறந்தார். உடன்பிறந்த மூவருள் இவரே மூத்தவர். இளமையில் பூச்சிகளையும் செடிகொடிகளையும் உற்றுநோக்குவதில் ஈடுபாடு கொண்டிருந்தார். பிரெஞ்சுப் பூச்சியியல் அறிஞர் ஃபேபரின் நூல்கள் அவர் உள்ளத்தைக் கவர்ந்தன. பள்ளிப் பாடங்களுள் அவருக்கு மிகவும் பிடித்தது கணிதம், வேதியியல் அன்று. மனப்பாடம் மிகுந்த பாடமாகவே அது அவருக்குத் தோன்றியது.

மகனை எத்துறையில் சேர்ப்பது என்று தந்தை, கியோட்டோ பல்கலைக்கழகப் பேராசிரியர் கெனிட்சு கிதாவிடம் கலந்தாலோசித்தார். கணிதத்தில் விருப்பமுடையவன் என்றால் வேதியியலில் சேரட்டும் என்றார் கிதா. கேட்போர்க்கு வியப்பளிக்கும் அறிவுரை அது. செய்முறைகளாலேயே வளர்ந்துவந்த வேதியியல் ஒருநாள் கணிதத்தின் துணையை நாடும் என்பதை அப்பேராசிரியர் முன்னுணர்ந்திருந்தார். தந்தையும் மகனும் அதனை ஏற்றனர். ஃபுகுயி கியோட்டோவின் தொழில்துறை வேதியியல் பிரிவில் சேர்ந்தார்.

தொழிற்சாலைக்குத் தேவையான வேதியியலைக் கற்பிக்கும் அப்பிரிவில் குவாண்டம் இயக்கவியலுக்கு இடம் குறைவு. ஆயினும் எலக்ட்ரான்களின் இயல்பை விளக்கும் அப்புதிய அறிவியல் இன்றி வேதியியலின் உட்பொருளை அறிய இயலாது என்று ஃபுகுயி கருதினார். இயற்பியல் துறையின் நூல்களைத் தேடிச் சென்று தாமே பயின்றார். பிடித்த பாடத்தைக் கைவிடாமலே படித்த பாடத்தில் தேர்ச்சி பெற்றார்.

1941இல் பட்டம் பெற்றபின், போர்க்காலத்தில் இராணுவ எரிபொருள் ஆய்வுக்கூடத்தில் செயற்கை எரிபொருள் குறித்த செய்முறை ஆய்வில் ஈடுபட்டார். 1943இல் கியோட்டோவில் விரிவுரையாளரானார். 1951இல் பேராசிரியராக உயர்ந்தார். கோட்பாட்டாளராகப் புகழ்பெற்ற இவர், ஹைட்ரோகார்பன்களைக் கையாண்டு பழகிய செய்முறை வேதியியலாளராகவும் விளங்கினார் என்பது நினைவிற்கொள்ளத்தக்கது.

அந்துருண்டை எழுப்பிய வினா

துணிகளைப் பூச்சி அரிக்காமல் காக்க நாம் பயன்படுத்தும் அந்துருண்டை, நாப்தலீன் என்னும் சேர்மத்தால் செய்யப்பட்டது. அதன் மூலக்கூறில் பத்துக் கார்பன் அணுக்கள் உள்ளன. அவற்றுள் ஹைட்ரஜனைத் தாங்கிய எட்டும் ஆல்பா, பீட்டா என இருவகைப்படும். நாப்தலீனை நைட்ரோ ஏற்றம் செய்தால், புதிய தொகுதி பெரும்பாலும் ஆல்பா இடத்திலேயே சென்று சேர்கிறது. காரணம் யாது?

எலக்ட்ரான் செறிவு மிகுந்த இடத்தை எலக்ட்ரான் நாடும் பொருள் தாக்கும் என்பது அன்றைய விளக்கம். ஆனால், செருமானிய அறிஞர் ஹியூக்கல் 1931இல் வகுத்த முறைப்படி கணக்கிட்டால், நாப்தலீனின் எல்லாக் கார்பன்களிலும் பை எலக்ட்ரான்களின் செறிவு சமமாகவே இருக்கிறது. செறிவு சமமெனில் வினையும் எங்கும் சமமாக நிகழ வேண்டுமல்லவா? விளக்கம் இங்கே தடைப்பட்டது.

ஃபுகுயி வேறு கோணத்தில் நோக்கினார். நாப்தலீனின் பத்துப் பை எலக்ட்ரான்கள் இரண்டிரண்டாக ஐந்து ஆர்பிட்டால்களில் அமைந்துள்ளன. கோட்டைக்குள் எத்தனை வீரர் இருப்பினும், வெளியாரை முதலில் எதிர்கொள்பவர் எல்லையில் நிற்பவரே. அதுபோல, எலக்ட்ரான் நிறைந்த ஆர்பிட்டால்களுள் ஆற்றல் மிக்கதாகிய இறுதி ஆர்பிட்டாலில் உள்ள இரண்டு எலக்ட்ரான்களே வினையின் போக்கை முதன்மையாகத் தீர்மானிக்கும் என்று அவர் கருதினார். அவ்விரண்டின் செறிவை மட்டும் தனியே கணக்கிட்டபோது, ஆல்பா இடத்தில் அது பீட்டா இடத்தைப்போல் இரண்டரை மடங்கிற்கும் மேலாக இருந்தது. சோதனை காட்டிய விடையும் கணக்கு காட்டிய விடையும் ஒன்றாயின.

இக்கணக்கீட்டில் தெய்ஜிரோ யோனெசாவாவும், கரிம வேதியியல் நோக்கில் ஹருவோ ஷிங்குவும் அவருக்குத் துணைநின்றனர். மூவரும் இணைந்து 1952இல் இக்கருத்தை வெளியிட்டனர். 1954இல் வெளியான அடுத்த கட்டுரை இதனை மேலும் விரித்தது. எலக்ட்ரானைக் கொடுக்க வரும் பொருள் தாக்கும்போது, எலக்ட்ரான் இல்லாத ஆர்பிட்டால்களுள் ஆற்றல் குறைந்த ஆர்பிட்டாலே முதன்மை பெறும் என்று அது விளக்கியது. கொடுப்பதற்கு ஓர் எல்லை, பெறுவதற்கு ஓர் எல்லை என இவ்விரண்டும் எல்லை ஆர்பிட்டால்கள் எனப் பெயர்பெற்றன.

ஏற்பின்றிக் கழிந்த ஆண்டுகள்

எளிமையே இக்கோட்பாட்டிற்குத் தடையாயிற்று. எத்தனையோ எலக்ட்ரான்கள் உள்ள மூலக்கூறில் இரண்டை மட்டும் பொருட்படுத்துவது எங்ஙனம் முறையாகும் என்று அறிஞர் பலர் வினவினர். விடை சரியாக வருவது தற்செயலாக இருக்கலாம் என ஐயுற்றனர். கணிதம் மிகுந்த அக்கட்டுரைகள் செய்முறை வேதியியலாளர் பலரைச் சென்றடையவுமில்லை.

ஃபுகுயி மறுப்புரைகளால் சோர்வடையவில்லை. அவற்றுக்குரிய விடையைத் தம் கோட்பாட்டின் அடித்தளத்திலேயே தேடினார். இரு மூலக்கூறுகள் நெருங்கும்போது ஒன்றன் எலக்ட்ரான் மற்றொன்றிற்கு ஓரளவு பெயர்வதால் உண்டாகும் நிலைப்பாட்டை ஆராய்ந்தார். கொடுக்கும் ஆர்பிட்டாலுக்கும் பெறும் ஆர்பிட்டாலுக்கும் இடையே ஆற்றல் இடைவெளி குறையக் குறைய, அப்பெயர்ச்சியின் பயன் மிகுகிறது. எல்லை ஆர்பிட்டால்களுக்கு இடையேதான் இவ்விடைவெளி மிகக் குறைவு. இரண்டு எலக்ட்ரான்களைத் தேர்ந்தெடுத்தது தற்செயலன்று என்பதற்கு இதுவே காரணமாயிற்று.

முகடும் பள்ளமும்

1964இல் ஃபுகுயி டீல்ஸ்-ஆல்டர் வினையின்பால் கருத்தைச் செலுத்தினார். நான்கு கார்பன் கொண்ட டையீனும் இரு கார்பன் கொண்ட ஆல்கீனும் இணைந்து ஆறு கார்பன் வளையமாகும் வினை அது. எலக்ட்ரான் அலையின் இயல்புடையது; ஆர்பிட்டாலுக்கு முகடும் பள்ளமும் உண்டு. முகட்டோடு முகடு சேர்ந்தால் பிணைப்பு வலுப்படும்; முகட்டோடு பள்ளம் சேர்ந்தால் ஒன்றையொன்று அழிக்கும். டையீனின் எலக்ட்ரான் நிறைந்த எல்லை ஆர்பிட்டாலும் ஆல்கீனின் வெற்று எல்லை ஆர்பிட்டாலும் இரு முனைகளிலும் பொருந்தி அமைவதாலேயே அவ்வினை இயல்பாக நிகழ்கிறது என்று அவர் காட்டினார்.

மறு ஆண்டே அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் உட்வர்டும் இளம் ஆய்வாளர் ரோல்டு ஹாஃப்மனும் ஆர்பிட்டால் சமச்சீர்மை விதிகளை வெளியிட்டனர். வைட்டமின் பி12 தொகுப்பு முயற்சியில் எதிர்ப்பட்ட புதிரே அவ்விதிகளுக்கு வித்திட்டது. ஒரே வினை வெப்பத்தால் ஒருவகையாகவும் ஒளியால் வேறுவகையாகவும் நிகழ்வது ஏன் என்பதை அவை விளக்கின. வேறு வழியில் வந்த அவர்களும் ஃபுகுயி கண்ட உண்மையையே அடைந்தனர். அதன்பின் உலகின் பார்வை கியோட்டோவின் பழைய கட்டுரைகள்மீது திரும்பியது.

வினை செல்லும் வழி

ஃபுகுயி அத்துடன் அமையவில்லை. வினை எங்கே தொடங்கும் என்பதை அறிந்தவர், அது எவ்வழியே செல்லும் என்பதையும் அறிய விழைந்தார். வினைபடு பொருளையும் வினைவிளை பொருளையும் இரு பள்ளத்தாக்குகளாகக் கொண்டால், இடையிலுள்ள கணவாயே இடைநிலை. அக்கணவாயிலிருந்து இருபுறமும் மிகச் செங்குத்தான சரிவில் இறங்கும் பாதையை அணுக்களின் நிறையைக் கருத்திற்கொண்டு கணக்கிடும் முறையை 1970இல் அவர் வகுத்தார். கணினிகள் வளர்ந்தபின் அம்முறை கணிப்பு வேதியியலின் அடிப்படைக் கருவிகளுள் ஒன்றாயிற்று. இன்றைய வேதியியல் மென்பொருள்களில் அது இடம்பெற்றுள்ளது.

பெருமையும் பணியும்

1981ஆம் ஆண்டிற்கான வேதியியல் நோபல் பரிசு ஃபுகுயிக்கும் ஹாஃப்மனுக்கும் பகிர்ந்தளிக்கப்பட்டது. உட்வர்டு 1979இலேயே மறைந்துவிட்டார். வேதியியலில் நோபல் பரிசு பெற்ற முதல் ஆசியர் ஃபுகுயியே. அதே ஆண்டு ஜப்பானிய அரசு பண்பாட்டு விருதளித்து அவரைச் சிறப்பித்தது.

நடைப்பயிற்சியிலும் உறங்கப் போகும் வேளையிலும் தோன்றும் எண்ணங்களை உடனே குறித்துவைப்பது அவர் வழக்கம். எழுதாமலே நினைவில் நிற்கும் எண்ணத்தைவிட, எழுதாவிடில் மறைந்துபோகும் எண்ணமே அரியது என்று அவர் கருதினார். கெய்ஜி மொரோகுமா போன்ற கணிப்பு வேதியியல் வல்லுநர்கள் அவரிடம் பயின்றவர்களே. கியோட்டோவில் அடிப்படை வேதியியலுக்கென அமைந்த ஆய்வு நிறுவனத்தின் தலைமைப் பொறுப்பை 1988இல் ஏற்ற அவர், 1998ஆம் ஆண்டு சனவரி 9ஆம் நாள் இயற்கை எய்தினார். அந்நிறுவனம் இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

கணிதத்திற்கும் வேதியியலுக்கும், தொழிற்சாலைக்கும் கோட்பாட்டிற்கும் இடைப்பட்ட எல்லையில் நின்று பணியாற்றியவர் ஃபுகுயி. மூலக்கூறுகள் தம் எல்லையில் வினைபுரிகின்றன என்று அவர் கண்டார். துறைகளும் அவ்வாறே என்பதற்கு அவர் வாழ்வே சான்று.

கற்பவை கற்றபின்

1. கணிதத்தில் விருப்பமுடையவரை வேதியியலில் சேர்க்கச் சொன்ன அறிவுரை எவ்வாறு பயன் தந்தது என்பதை வகுப்பில் கலந்துரையாடுக.
2. இரு துறைகளின் சந்திப்பில் பிறந்த கண்டுபிடிப்பு ஒன்றைப் பற்றி ஒருபக்க அளவில் எழுதுக.