ரே ஹரூன்

வேகத்தால் கீர்த்தி பெற்றோர் பலர். வேகத்தை அடக்கியாளும் விவேகத்தால் கீர்த்தி பெற்றோர் மிகச் சிலர். அச்சிலருள் ஒருவர் அமெரிக்க ஐக்கிய நாடுகளில் வாழ்ந்த ரே ஹரூன் என்பவர். இண்டியானாபொலிஸ் நகரத்து ஐந்நூறு மைல் மோட்டார்ப் பந்தயத்தில் முதன்முதல் வாகை சூடியவர் இவரே. இவரது சரித்திரத்தை ஈண்டுச் சுருக்கமாக வரையப் புகுகின்றோம்.

ஹரூன் 1879-ஆம் ஆண்டு ஜனவரி மாதம் 12-ஆம் தேதி பென்ஸில்வேனியா மாகாணத்து ஸ்பார்ட்டன்ஸ்பர்க் என்னும் சிற்றூரில் பிறந்தார். வாலிபப் பருவத்தில் மோட்டார் வண்டிகளை ஓட்டுவதிலும் அமைப்பதிலும் தேர்ச்சியடைந்து, இண்டியானாபொலிஸ் நகரத்து மார்மன் கம்பெனியில் யந்திர நிபுணராக அமர்ந்தார். 1910-ஆம் ஆண்டிலே பல பந்தயங்களில் வென்றபின், இனிப் பந்தயம் வேண்டாமென்று ஒதுங்கினார்.

அந்நகரத்துப் பந்தயச் சாலை இரண்டரை மைல் சுற்றளவுள்ளது. 1909-இல் கல்லும் தாரும் இட்டு அமைக்கப்பட்ட அச்சாலை, முதற் பந்தயங்களிலேயே பெயர்ந்து சிலருடைய உயிரைக் கவர்ந்தது. ஆகவே அவ்வாண்டிலேயே ஏறக்குறைய 32 லட்சம் செங்கற்களால் அதனைத் தளமிட்டனர். 1911-ஆம் ஆண்டு மே மாதம் 30-ஆம் தேதி, இருநூறு சுற்றுக்கள் கொண்ட பெரும்பந்தயம் அங்கே தொடங்கிற்று. ஓய்ந்திருந்த ஹரூனும் தம் கம்பெனியார் வேண்ட, மீண்டும் வண்டியேறினார்.

அக்காலத்துப் பந்தய வண்டிகளில் ஓட்டுபவர் அருகே ஒரு மெக்கானிக்கும் அமர்வது வழக்கம். எண்ணெய் செலுத்துதலும், பின்வரும் வண்டிகளைக் கவனித்து அறிவித்தலும் அவர் கடமை. ஹரூனோ ஆறு ஸிலிண்டர்கள் கொண்ட தம் வண்டியை ஒருவருக்கே இடமுள்ளதாக, கூரிய வாலுடன் அமைத்திருந்தார். மஞ்சள் நிறம் பூண்ட அதனைக் குளவி என்றழைத்தனர். பின்னால் வருவதை அறியாத ஒருவரால் யாவருக்கும் ஆபத்து நேருமென்று மற்றையோர் ஆட்சேபித்தனர். முன்னொரு காலத்தில் குதிரை வண்டியொன்றில் கண்ட கண்ணாடியை நினைவுகூர்ந்த ஹரூன், அத்தகையதொன்றைத் தம் முன்னே பொருத்தி, அனுமதி பெற்றார்.

நாற்பது வண்டிகள் புறப்பட்டன. ஆரம்பச் சுற்றுக்களிலேயே ஒரு வண்டி நிலைதவறியது; அதிலிருந்து எறியப்பட்ட மெக்கானிக் மாண்டார். எந்த ஆசனத்தை ஹரூன் வேண்டாமென நீக்கினாரோ, அந்த ஆசனத்திலிருந்தே அவ்வுயிர் பிரிந்ததென்பதை நாம் மறத்தலாகாது.

பிறர் முந்திச் செல்லவும் ஹரூன் பதறவில்லை. மிகுந்த வேகம் டயர்களை விரைவில் தேய்க்குமென்றும், அவற்றை மாற்ற நிற்குந்தோறும் காலம் வீணாகுமென்றும் கணக்கிட்டு, மணிக்கு ஏறக்குறைய 75 மைல் வேகத்திலே நிதானமாக ஓட்டினார். இடையிற் சில சுற்றுக்களை ஸைரஸ் பாச்கி என்பவர் அவருக்காக ஓட்டினார். 6 மணி 42 நிமிஷத்தில், சராசரி 74.6 மைல் வேகத்துடன் ஹரூன் வெற்றியடைந்தார். அதன்பின் அவர் பந்தயங்களில் ஓட்டவேயில்லை.

கண்ணாடியின் புகழோ எங்கும் பரவிற்று. ஆனால் செங்கல் தளத்தின் அதிர்ச்சியால் அது நடுங்கியபடியால், தமக்கு அதில் ஒன்றும் தெரியவில்லை என்பதைப் பிற்காலத்தில் அவரே ஒப்புக்கொண்டார். வலிய வந்த புகழையும் உண்மைக்காகக் குறைத்துக்கொள்வது எல்லோர்க்கும் எளிதன்று.

பின்னர், மாக்ஸ்வெல் கம்பெனிக்கு அவர் அமைத்த வண்டியொன்று 1914-இல் மண்ணெண்ணெய் கொண்டே ஐந்நூறு மைலும் ஓடி முடித்தது. தம் பெயரால் அவர் நிறுவிய மோட்டார்க் கம்பெனி நெடுங்காலம் நிலைக்கவில்லை. 1968-ஆம் ஆண்டு ஜனவரி மாதம் 19-ஆம் தேதி, தமது 89-ஆம் வயதில் ஆண்டர்ஸன் நகரில் காலமானார்.

1912 முதல் 1922 வரையும், மீண்டும் 1930 முதல் 1937 வரையும் மெக்கானிக் உடன்செல்ல வேண்டுமென்று விதித்தனர். அதன்பின் ஒற்றை ஆசனமே நிலைபெற்றது. 1965 முதல் யந்திரம் ஓட்டுபவருக்குப் பின்னே அமைந்த வண்டிகள் வென்றன. 2021-இல் சராசரி வேகம் மணிக்கு 190 மைலைக் கடந்தது. எனினும் டயர்களையும் எரிபொருளையும் கணக்கிட்டு அடங்கியோடுபவரே பலமுறை வெல்லுகின்றனர்.

மாணவ நண்பர்களே, நம் வாழ்க்கையும் இருநூறு சுற்றுக்களையுடையதே. முதற் சுற்றில் முந்துவது பெரிதன்று. நம் ஆற்றலின் அளவறிந்து இறுதிவரை ஓடுவதே பெரிது.