கழிவு ஆலைக்குப் பக்கத்தில் வீடு: நோய் எந்த வழியாக வருகிறது? 170 ஆண்டுகளுக்கு முன்பே கதவைத் தட்டிக் கேட்ட ஜான் ஸ்னோ!

சென்னையிலிருந்து வடக்கே சுமார் 45 கி.மீ. தொலைவில், கொல்கத்தா நெடுஞ்சாலையை ஒட்டி இருக்கிறது கும்மிடிப்பூண்டி சிப்காட். இரும்பு உருக்காலைகள், ரசாயனத் தொழிற்சாலைகள் நிறைந்த பகுதி. மற்ற ஊர்த் தொழிற்சாலைகளின் அபாயகரமான கழிவுகளையும் வாங்கிப் பக்குவப்படுத்திப் புதைக்கும் பொது மையம் இங்கேதான் இயங்குகிறது.

இப்படி ஒரு மையத்துக்குப் பக்கத்தில் குடியிருப்பவர்களின் கேள்விகள் எல்லா ஊரிலும் ஒன்றுதான். ராத்திரி அடிக்கிற நாற்றத்தால் உடம்புக்கு ஏதாவது ஆகுமா? போர்வெல் தண்ணியைக் குடிக்கலாமா? குழந்தைக்கு அடிக்கடி இருமல் வர்றதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இருக்கா? 2025 ஜனவரியில் போபால் யூனியன் கார்பைடு ஆலையில் கிடந்த 337 டன் நச்சுக் கழிவு, மத்தியப் பிரதேசத்தின் பீதம்பூர் மையத்துக்குக் கொண்டுபோகப்பட்டபோது அங்கே வெடித்த போராட்டத்துக்குப் பின்னாலும் இந்தப் பயம்தான் இருந்தது.

இந்தக் கேள்விகளுக்கு விடை தேடும் முறையை உலகத்துக்குக் காட்டியவர்களில் முக்கியமானவர் ஜான் ஸ்னோ என்ற ஆங்கிலேய டாக்டர். அவர் கண்டுபிடித்தது என்ன, அதைவிட முக்கியமாக அவர் சறுக்கியது எங்கே? பார்க்கலாம்.

யார் இந்த ஜான் ஸ்னோ?

1813 மார்ச் 15-ல் இங்கிலாந்தின் யார்க் நகரில் பிறந்தார். அப்பா ஒரு கூலித் தொழிலாளி. ஒன்பது பிள்ளைகளில் ஸ்னோதான் மூத்தவர். வீடு இருந்தது ஊஸ் நதிக்கரையை ஒட்டிய ஏழைகள் பகுதியில்.

14 வயதில் நியூகாசிலில் ஒரு மருத்துவரிடம் உதவியாளராகச் சேர்த்துவிட்டார்கள். 1831-ன் கடைசியில் அந்தப் பகுதிக்குக் காலரா வந்தது. 18 வயதே ஆகியிருந்த ஸ்னோவை, கில்லிங்வொர்த் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்களைக் கவனிக்க அனுப்பினார்கள். காலையில் நன்றாக இருந்தவர் மறுநாள் இல்லை என்ற நிலையை நேரில் பார்த்தார்.

1836-ல் லண்டனுக்குப் போய்ப் படித்து, 1844-ல் எம்.டி. பட்டம் வாங்கினார். சோஹோ பகுதியில் குடியேறினார். சைவம் சாப்பிடுபவர், நீண்ட காலம் மதுவைத் தொடாதவர், கல்யாணம் செய்துகொள்ளாதவர். மயக்க மருந்து கொடுப்பதில் அந்தக் கால லண்டனில் முதல் வரிசை நிபுணர். 1853-ல் விக்டோரியா மகாராணிக்கு எட்டாவது பிரசவத்தின்போது குளோரோஃபார்ம் கொடுத்தவர் இவர்தான். அந்தப் பெயரை வைத்தே வாழ்நாள் முழுக்க வசதியாக இருந்திருக்கலாம். ஆனால் அவர் மனசு காலராவிலேயே நின்றது.

நாற்றம்தான் நோயா?

அன்றைய மருத்துவர்கள் பெரும்பாலும் நம்பியது இதுதான்: சாக்கடை, குப்பை, அழுகல் ஆகியவற்றிலிருந்து கிளம்பும் கெட்ட காற்றுதான் நோயைக் கொண்டுவருகிறது. நாற்றம் அடிக்கிற இடத்தில் நோய் இருக்கும், அடிக்காத இடத்தில் இருக்காது.

ஸ்னோவுக்கு இதில் ஒரு விஷயம் இடித்தது. காற்று வழியாக வந்தால் நுரையீரல்தானே முதலில் பாதிக்கப்பட வேண்டும்? காலராவோ வயிற்றில் ஆரம்பிக்கிறது. அப்படியானால் அது வாய் வழியாகத்தான் போயிருக்க வேண்டும். நோயாளியின் மலம் கலந்த தண்ணீரை இன்னொருவர் குடிப்பதுதான் வழி என்று 1849-ல் ஒரு சிறு நூல் வெளியிட்டார். யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. கிருமி என்ற எண்ணமே அப்போது ஊன்றவில்லை.

பிராட் தெரு: கசிந்தது ஒரு கழிவுத் தொட்டி

1854 ஆகஸ்ட் கடைசி. ஸ்னோ வீட்டுக்குப் பக்கத்திலேயே, சோஹோவின் பிராட் தெருவைச் சுற்றிக் காலரா வெடித்தது. பத்து நாளில் 500-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். மொத்தப் பலி 616.

ஸ்னோ இறந்தவர்களின் முகவரிப் பட்டியலை வாங்கிக்கொண்டு தெருவில் இறங்கினார். வீடு வீடாகப் போய் அவர் கேட்டது ஒரே கேள்வி: எங்கே தண்ணீர் எடுத்தீர்கள்? பெரும்பாலான வீடுகள் பிராட் தெருப் பம்பைக் கைகாட்டின.

அவரை உறுதிப்படுத்தியது இறந்தவர்கள் மட்டுமல்ல, இறக்காதவர்களும்தான். பக்கத்தில் ஏழைகள் விடுதி ஒன்றில் 535 பேர் இருந்தார்கள், ஐந்து பேர்தான் இறந்தார்கள். அங்கே சொந்தக் கிணறு இருந்தது. அதே தெருவில் பீர் ஆலை, 70-க்கும் மேற்பட்ட தொழிலாளர்கள். ஒருவர்கூட காலராவில் சாகவில்லை. அவர்கள் அந்தப் பம்புத் தண்ணீரைத் தொடுவதே இல்லை. இதற்கு நேர் எதிராக, தூரத்தில் ஹாம்ஸ்டெட்டில் வசித்த ஒரு மூதாட்டி காலராவில் இறந்தார். அந்தத் தண்ணீரின் ருசி பிடித்துப்போய், வண்டியில் வரவழைத்துக் குடித்து வந்திருக்கிறார்.

செப்டம்பர் 7-ம் தேதி இரவு உள்ளூர் நிர்வாகக் குழு முன் ஸ்னோ தன் வாதத்தை வைத்தார். மறுநாள் பம்பின் கைப்பிடி கழற்றப்பட்டது. அதோடு காலரா நின்றது என்று பள்ளிப் பாடங்கள் முடித்துவிடும். உண்மையில் அதற்குள் ஏராளமானோர் ஊரைக் காலி செய்துவிட்டார்கள், நோயும் இறங்கத் தொடங்கியிருந்தது. இதை ஸ்னோவே ஒப்புக்கொண்டு எழுதினார்.

காரணத்தின் மூலம் கொஞ்சம் தாமதமாகத்தான் தெரிந்தது. ஸ்னோ சொல்வது தப்பு என்று நிரூபிக்கக் கிளம்பிய ஹென்றி வைட்ஹெட் என்ற உள்ளூர்ப் பாதிரியார், விசாரிக்க விசாரிக்க ஸ்னோ பக்கம் வந்துவிட்டார். 40-ம் எண் வீட்டில் ஒரு கைக்குழந்தைக்கு வயிற்றுப்போக்கு. அதன் துணி அலசிய தண்ணீரை வீட்டுக் கழிவுத் தொட்டியில் ஊற்றியிருக்கிறார்கள். தோண்டிப் பார்த்தால், தொட்டிக்கும் கிணற்றுக்கும் இடையே மூன்று அடிகூட இல்லை. தொட்டியின் செங்கல் சுவர் உளுத்துப்போய், கழிவு மண் வழியாகக் கிணற்றில் இறங்கியிருந்தது.

இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். இன்றைய அபாயக் கழிவுக் கிடங்குகளில் அடியில் இரட்டை லைனர் விரிக்க வேண்டும், ஊறி இறங்கும் கசிவுநீரைத் தனியாக வெளியேற்ற வேண்டும், சுற்றிலும் கண்காணிப்புக் கிணறு வைக்க வேண்டும் என்றெல்லாம் விதி இருப்பது எதற்காக? அந்தச் செங்கல் சுவருக்கு நடந்தது இங்கேயும் நடக்கலாம் என்பதற்காகத்தான். இன்னொன்றும் உண்டு. பிராட் தெருத் தண்ணீர் ருசியானது என்று பெயர் வாங்கியது. நாக்கும் மூக்கும் அங்கே எச்சரிக்கவே இல்லை.

ஒரே தெரு, இரண்டு குழாய்

ஸ்னோவின் பெரிய வேலை இதுவல்ல. தென் லண்டனில் இரண்டு நிறுவனங்கள் ஒரே தெருக்களில் போட்டி போட்டுக் குழாய் பதித்திருந்தன. லாம்பெத் நிறுவனம் 1852-ல், லண்டன் சாக்கடை கலக்காத மேல்பகுதிக்குத் தன் நீரெடுப்பு இடத்தை மாற்றிவிட்டது. சவுத்வார்க் அண்ட் வாக்ஸ்ஹால் நிறுவனம் சாக்கடை கலந்த தேம்ஸ் நீரையே தொடர்ந்து தந்தது. பணக்காரர், ஏழை, காற்று, தெரு எல்லாம் ஒன்று. தண்ணீர் மட்டும் வேறு.

எந்த வீட்டுக்கு எந்தக் குழாய் என்று பல வீட்டுக்காரர்களுக்கே தெரியவில்லை. அதற்கும் ஸ்னோ ஒரு வழி வைத்திருந்தார். தண்ணீரில் வெள்ளி நைட்ரேட் விட்டால், உப்பு அதிகம் இருந்தால் வெண்மையாகத் திரியும். கீழ்ப்பகுதித் தேம்ஸில் கடலுப்பும் சாக்கடை உப்பும் அதிகம். அதை வைத்தே வீடுகளைப் பிரித்தார்.

1854 கொள்ளைநோயின் முதல் ஏழு வாரக் கணக்கு இது: சவுத்வார்க் நீர் போன 40,046 வீடுகளில் 1,263 மரணம். லாம்பெத் நீர் போன 26,107 வீடுகளில் 98 மரணம். அதாவது பத்தாயிரம் வீட்டுக்கு 315 எதிர் 37.

1855: ஆலைகளின் பக்கம் நின்ற டாக்டர்

பாடப்புத்தகங்களில் அதிகம் வராத பகுதி இது. 1855-ல் நாற்றம் பரப்பும் தொழில்களைக் கட்டுப்படுத்த பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் ஒரு மசோதா வந்தது. எலும்பு வேகவைப்பவர்கள், கொழுப்பு உருக்குபவர்கள், சோப்பு தயாரிப்பவர்கள் இதனால் பாதிக்கப்படுவார்கள். அவர்கள் தரப்புச் சாட்சியாக மார்ச் மாதம் தேர்வுக் குழு முன் வந்து நின்றவர் ஜான் ஸ்னோ!

அவருடைய வாதம் சுருக்கமாக இப்படி: ஆலையில் நாள் முழுக்க நிற்கும் தொழிலாளிக்கே ஒன்றும் ஆகவில்லை. மரணக் கணக்கில் அவர்கள் மற்ற தொழிலாளர்களைவிட அதிகம் சாகவில்லை. வாயு தூரம் போகப் போகக் கரைந்துவிடும். அப்புறம் பக்கத்து வீட்டுக்காரருக்கு எப்படி நோய் வரும்? லான்செட் மருத்துவ இதழ் அவரைக் கடுமையாகச் சாடியது. ஸ்னோ அசையவில்லை, மறுவருடம் அதே கருத்தைக் கட்டுரையாகவே எழுதினார்.

காலராவைப் பொறுத்தவரை அவர் சரி. அது நாற்றத்தால் வரவில்லை. ஆனால் அதை எல்லா ஆலைக்கும் எல்லா நோய்க்கும் நீட்டியதில் மூன்று ஓட்டைகள் இருந்தன.

முதலாவது, வேலைக்கு வருபவர்கள் பொதுவாகத் திடகாத்திரமானவர்கள். உடம்பு முடியாமல் போனவர் வேலையை விட்டு நின்றுவிடுவார், கணக்கிலும் வரமாட்டார். பக்கத்து வீட்டில் இருப்பதோ கைக்குழந்தை, கர்ப்பிணி, ஆஸ்துமா உள்ள தாத்தா.

இரண்டாவது, அவர் எண்ணியது மரணத்தை மட்டும். இருமல், மூச்சிரைப்பு, தோல் அரிப்பு, தூக்கம் கெடுவது எதுவும் மரணப் பதிவேட்டில் இருக்காது.

மூன்றாவது காலம். காலரா சில நாட்களில் காட்டிக்கொடுத்துவிடும். ஈயம் குழந்தையின் மூளை வளர்ச்சியை வருடக்கணக்கில் மெல்லத்தான் பாதிக்கும். காட்மியம் சிறுநீரகத்தில் மெதுவாகச் சேரும். இந்த வகைப் பாதிப்பை ஏழு வாரக் கணக்கில் பிடிக்க முடியாது.

ஆதாரம் இன்னும் கிடைக்கவில்லை என்பதும், பாதிப்பே இல்லை என்பதும் ஒன்றல்ல. பிராட் தெருவில் கதவைத் தட்டிய ஸ்னோ, இந்த ஆலைகளைச் சுற்றியிருந்த வீடுகளிலும் அதேபோல் கதவைத் தட்டியிருந்தால் அவர் சாட்சியம் வேறு மாதிரி இருந்திருக்கலாம்.

வெற்றியைப் பார்க்காமலே போனவர்

1858 ஜூன் 10-ல் மயக்க மருந்து பற்றிய நூலை எழுதிக்கொண்டிருந்தபோது பக்கவாதம் தாக்கியது. 16-ம் தேதி இறந்தார். வயது 45. அதே கோடையில் தேம்ஸ் நாற்றம் தாங்காமல் நாடாளுமன்றமே திணறி, லண்டனின் பெரும் சாக்கடைத் திட்டத்துக்குப் பணம் ஒதுக்கியது. நாற்றத்துக்குப் பயந்து கட்டிய அந்தக் கால்வாய்கள்தான் குடிநீரையும் காப்பாற்றின.

1866-ல் கிழக்கு லண்டனில் காலரா வந்தபோது, முன்பு ஸ்னோவைச் சந்தேகித்த அரசுப் புள்ளியியலாளர் வில்லியம் ஃபார் தண்ணீரைத்தான் முதலில் தேடினார். 1884-ல் ராபர்ட் கோக் கொல்கத்தாவில் காலராக் கிருமியைப் பிரித்தெடுத்து உறுதிசெய்தார்.

சரி, கும்மிடிப்பூண்டிக்கு இதில் என்ன இருக்கு?

ஸ்னோவின் முறையை இங்கே வைத்துப் பார்த்தால், கேட்க வேண்டியவை தெளிவாகின்றன.

எந்த வழி? நாற்றம், புகை, தூசு, நிலத்தடி நீர் நான்கும் வெவ்வேறு வழிகள். நாற்றம் குறைந்தால் தண்ணீர் சுத்தம் என்று அர்த்தமில்லை. எரிஉலை புகைக்கு, கழிவுக் கசிவுநீருக்கு, பக்கத்து உருக்காலைத் தூசுக்குத் தனித்தனிப் பரிசோதனை தேவை.

எதை அளந்தார்கள்? திருவள்ளூர் மாவட்டக் கரையோரத்தில், குறிப்பாக மீஞ்சூர் பக்கம், அதிகமாக நீர் உறிஞ்சியதால் கடல்நீர் உள்ளே வந்தது பல பத்தாண்டுப் பிரச்சினை. எனவே டி.டி.எஸ். மீட்டரில் எண் ஏறியதை மட்டும் வைத்து ஆலையைக் குற்றம் சொல்லவும் முடியாது, எண் குறைவாக இருப்பதை வைத்து நிம்மதி அடையவும் முடியாது. ஈயம், காட்மியம், குரோமியம் போன்றவை ஆரோக்கியத்துக்கு ஆபத்தான அளவில் இருந்தாலும் அந்த மீட்டரில் தெரியாது. ஆய்வகச் சோதனைதான் ஒரே வழி.

எதோடு ஒப்பிட்டார்கள்? கிடங்குக்கு நிலத்தடி நீர் வரும் பக்கத்துக் கிணறு ஒன்று, நீர் வெளியேறும் பக்கத்துக் கிணறு ஒன்று. இரண்டு எண்ணும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால்தான் சவுத்வார்க்கும் லாம்பெத்தும் போல வித்தியாசம் தெரியும். மழைக்கு முன், மழைக்குப் பின் என்று வருடக்கணக்கில் தொடர வேண்டும்.

யாரை எண்ணினார்கள்? ஆலைத் தொழிலாளர்களின் மருத்துவப் பரிசோதனை போதாது. சுற்றியுள்ள ஊர்களில் வீட்டு வாரியாகக் குழந்தைகள், கர்ப்பிணிகள், மூச்சுப் பிரச்சினை உள்ளவர்கள் எண்ணப்பட வேண்டும். தூரத்தில் உள்ள, மற்ற எல்லாம் ஒத்த ஒரு ஊரோடு ஒப்பிட வேண்டும்.

கண்காணிப்புக் கிணறுகளின் முடிவுகளையும் புகை அளவீடுகளையும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திடம் தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005-ன் கீழ் யார் வேண்டுமானாலும் கேட்கலாம். கிராம சபையில் தீர்மானம் போடலாம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டும்போது ஊர்ப்பெயர் மட்டுமல்லாமல் தெருவும், எந்தத் தண்ணீர் குடிக்கிறோம் என்பதும் பதிவாகச் சொல்லிக் கேட்கலாம். வீட்டிலேயே ஒரு நோட்டில் தேதி, நேரம், நாற்றமா புகையா, யாருக்கு என்ன ஆனது என்று எழுதி வைக்கலாம்.

சிறிய வேலைதான். ஆனால் பிராட் தெருவிலும் முதலில் இருந்தது ஒரு முகவரிப் பட்டியல் மட்டுமே. புதைத்த கழிவு அங்கேயே பல தலைமுறை இருக்கப்போகிறது. அதைச் சுற்றி வாழ்பவர்களின் கணக்கும் அத்தனை வருடம் யாராவது எழுதிக்கொண்டே இருக்க வேண்டும்.